சிலேட்டில் ஒன்பது

எழுபத்தொரு நிமிடம்.
நான்காவது நடுவரிடம் இலக்கப் பலகை இல்லை,
பாலர் பாடசாலையில் இரவல் வாங்கிய சிலேட்தான்.
ஒன்பது எழுதச் சொன்னேன்.
வெண்கட்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.
"ஒன்பதா, கோச்?"
ஒன்பதுதான்.

நிந்தவூர் மைதானம் முழுக்க
அந்த இலக்கத்தின் பெயரே கேட்கிறது.
அஸ்ஜத், அஸ்ஜத் என்று
மதிலில் இருப்பவர்களும்
மீன் லொறியின் மேல் ஏறி நிற்பவர்களும்.
கடற்காற்று பாதியைக் கொண்டுபோய்
பாதியைத் திருப்பித் தருகிறது.
எதிரே சாய்ந்தமருது. இன்னும் கோல் இல்லை.

யாரும் காணாத ஒன்றை நான் கண்டிருந்தேன்.
கோணர் கொடியடியில் திரும்பும்போது
இடக்காலை முழுதாய் ஊன்றாமல்
உச்சி வெயிலில் தார் றோட்டைக் கடப்பவன்போல்
ஒரு சின்னத் தொடல்.
அதை மறைக்க உடனே ஓர் ஓட்டம்.
பந்து இல்லாத பக்கம்.

அந்த ஓட்டம் எனக்குப் பழக்கம்.
மாலேயில் இரண்டாம் பருவம்,
செயற்கைப் புல், இராவிளக்கு, டொலரில் சம்பளம்.
இங்கே தங்கச்சிக்குக் கட்டிய வீடு
சுவர் எழும்பிக் கூரைக்குக் காத்திருந்தது.
வெள்ளிக்கு வெள்ளி முழங்காலில் ஓர் ஊசி.
பதினொரு வெள்ளி.
பன்னிரண்டாவதில்
பந்து ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம்,
முழங்கால் எங்கள் இருவரோடும் வரவில்லை.
கூரை போட்டாயிற்று. ஓடு இன்னும் ஒழுகவில்லை.

அவன் சிலேட்டைக் கண்டும் காணாதவனாய் நின்றான்.
நடுவர் போய்த் தோளைத் தொட்டார்.
நான் நீட்டிய கையைக் கடந்து போனான்,
கழற்றிய பூட்ஸ் ஒன்று
தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே வந்து விழுந்தது.
மதிலிலிருந்து எனக்கு வந்த வார்த்தைகளில்
என் உம்மாவும் இருந்தா.

எண்பத்தெட்டில் அவர்கள் அடித்தார்கள்.
ஒன்றுக்குப் பூச்சியம்.

முழங்காலுக்காகத்தான் எடுத்தேன் என்று
கழகத் தலைவரிடம் சொன்னேன்.
பொய்யில்லை.
ஆனால் அறுபதாம் நிமிடமளவில்
லொறியின் மேலிருந்து ஒருவன்
"முபீதை விட இவன் திறம் மச்சான்" என்று கத்தியது
எனக்கு நன்றாகக் கேட்டது.
காற்று அதில் ஓர் எழுத்தையும் எடுக்கவில்லை.
அதற்குப் பிறகுதான்
அவனுடைய காலைப் பார்க்கத் தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வரவில்லை.
கல்முனை ஆஸ்பத்திரிக்குப் படம் எடுக்கப் போனான் என்கிறான் கோல்காப்பாளன்.
சாய்ந்தமருதுக் கழகத்தில் கண்டதாக இன்னொருவன்.
இரண்டும் ஒரே றோட்டில்தான்.
மோட்டார் சைக்கிளைக் காரைதீவுச் சந்திவரை விட்டு
எதைக் கேட்பதென்று தெரியாமல்
திருப்பிக்கொண்டு வந்தேன்.

வரும் வழியில் சிலேட்டைக் கொடுத்தேன்.
அழிக்க மறந்த ஒன்பதை டீச்சர் பார்த்தா.
"பிள்ளைகளுக்கு இப்பதான் அஞ்சு வரைக்கும் வந்திருக்கு" என்று
முந்தானையால் துடைத்தா.