எதிர்ச்சொல்

ஹோரோகிலிருந்து புறப்படும்போது
மேலதிகாரி தந்தது ஒரே ஒரு படிவம்.
"பார்தாங் பள்ளத்தாக்கின் நீர்ப்பங்கீட்டு விதிகளை
எண்ணிட்டு, வரிசைப்படுத்தி, தொகுத்து வரவும்."

ஒன்பது மணி நேரம் ஜீப் குலுக்கியது.
தூங்க முடியாமல்
தொகுத்தலுக்கு எதிர்ச்சொல் தேடினேன்.
சிதறல்? போதவில்லை.
குலைவு, கலைப்பு, கட்டவிழ்ப்பு
எல்லாமே
ஏற்கெனவே கட்டிவைத்த ஒன்றைக் கேட்கின்றன.
கட்டாமலே நிற்பதற்கு என்ன பெயர்?

மலையின் இடுப்பில் ஓடுகிறது வாய்க்கால்,
ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலத்துக்கு.
இருபத்துமூன்று வீடு. ஒரே தண்ணீர்.
முதல் விதி என்ன என்று கேட்டேன்.
டிராக்டரின் அடியிலிருந்து
தலையை மட்டும் நீட்டினான் கதம்ஷோ.

"அந்தக் கல்லில் வெயில் விழுந்தால் எங்களுக்கு.
மேகம் என்றால் கீழ்வீடுகளுக்கு.
கல்யாணம் என்றால் கல்யாண வீட்டுக்கு.
சண்டை என்றால்
சண்டை முடியும்வரை யாருக்கும் கிடையாது.
அதனால் சீக்கிரம் முடியும்.
ஆனால்…"

ஒன்று என்று எழுதி
அதற்குள் அ, ஆ, இ என்று இறங்கிக்கொண்டிருந்தவள்
அந்த ஆனாலில்
பேனாவை மூடினேன்.

முறை என்றால் விதி.
முறை என்றால் என் தடவை.
முறை என்றால்
நீ எனக்கு என்ன வேண்டும் என்பதும்.
இங்கே மூன்றையும் ஒரே மண்வெட்டி
அள்ளிப் போடுகிறது.

விதிகள் என்ற பக்கம் வெள்ளையாய்க் கிடக்க
விலக்குகள் என்ற கட்டம் நிரம்பி
ஓரத்தில் ஏறி, பின்பக்கம் புரண்டு,
தேநீர்க் கறையைச் சுற்றிக்கொண்டு போனது.
எனக்குச் சந்தோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன்.
எதிர்ச்சொல் கிடைத்துவிட்டது:
ஆனால்.

இரண்டாம் இரவு
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள் நிஸ்ஸோபேகிம்.
ரப்பர் பூட்ஸ். முழங்கால்வரை சேறு.
"என் முறையைச் சொன்னார்களா?"

புரட்டினேன்.
கல் இருந்தது, மேகம் இருந்தது,
யாரோ ஒருவருடைய செத்துப்போன கழுதைகூட இருந்தது.

"புருஷன் மாஸ்கோ போய் ஆறு வருஷம்.
அன்றிலிருந்து எனக்கு
எல்லோரும் தூங்கின பிறகுதான் தண்ணீர்.
யாரும் அப்படிச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.
எழுதியிருந்தால் கிழித்திருப்பேன்.
வழக்கத்தை
எந்த ஓரத்தில் பிடித்துக் கிழிப்பது, நீயே சொல்."

இரண்டு மணிக்கு அவளோடு போனேன்.
டார்ச் பிடித்தேன்,
வேறெதற்கும் நான் உதவவில்லை.
கல்லை நகர்த்தி, புல்கட்டியைப் பெயர்த்து,
பழந்துணி அடைப்பை உருவினாள்.
உருளைக்கிழங்குப் பாத்திக்குள் தண்ணீர் வந்தது,
கடன் திருப்ப வருகிறவனைப் போல,
நின்று நின்று.
குளிரில் என் பல் கிட்டிக்கொண்டது.
அவள் கொட்டாவி விட்டாள்,
ஆறு வருஷக் கொட்டாவி.

விடிந்ததும் வெள்ளைப் பக்கத்தை எடுத்தேன்.
விதி ஒன்று: நிஸ்ஸோபேகிமுக்குப் பகலில்.
இரண்டு இல்லை.

கதம்ஷோவிடம் வாசித்துக் காட்டினேன்.
எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான்,
துடைத்த விரலையே மறுபடி துடைத்தான்.
"ஆனால்…" என்றான்.
மண்வெட்டியை ஊன்றி அவள் நின்றிருந்தாள்.
அவன் முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.
ஜீப் ஓட்டுநர் ஹார்ன் அடித்தார்.

அமலுக்கு வரும் நாள் என்றொரு கட்டம் உண்டு.
அவளையே கேட்டேன். அவள் சொன்னதையே எழுதினேன்:
ஆறு வருஷத்துக்கு முன்னாலிருந்து.

ஹோரோகில் மேலதிகாரி
அதைச் சிவப்பில் வட்டமிட்டார்.
அப்படி ஒரு நாள் செல்லாதாம்.
விலக்குகள் கட்டத்தைப் பார்த்து
இது என்ன கழுதை என்றார்.