கோணல்

மூன்றாம் முறையாகக் கண்ணாடியைக் கழற்றி
மேசைமேல் வைக்கிறாள் புஷ்பலீலா.
"இடப்பக்கம் இன்னும் எறங்கித்தான் நிக்குதுங்க."

லாபிஸ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
பதினெட்டு வருஷமாய் என் கடை.
சட்டத்தைச் சூடாக்கி, காதுக்கொம்பை
முன்பே இரண்டு தடவை வளைத்துக் கொடுத்திருந்தேன்.
காசு வாங்கவில்லை.
அதை என் நல்ல குணமென்று நினைத்திருந்தேன்.

செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி அவள்.
லோரி ஏறும், எண் நிற்கும், எழுதுவாள்.
போன மாதத்திலிருந்து
ஒரு லோரி ஏறினால் இரண்டு நிற்கிறதாம்.
"ரெண்டுக்கும் ரசீது போட்டிருந்தா
மேனேஜரு என்னைத் தூக்கிருப்பாரு."
சிரித்தாள்.
சிரிப்பில் வலக்கண் சுருங்கியது.
இடக்கண் அதற்கு முன்பே சுருங்கியிருந்தது.

வீங்கியிருந்தால் பயந்திருப்பேன்.
பிதுங்கியிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன்.
இது உள்ளே போயிருந்தது,
கல்யாணப் படத்தில் நிற்க விரும்பாத ஒருவர்
ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வதுபோல.
ஊரில் 'இளைச்சிட்டியே' என்றார்கள்.
இரண்டு பேர் என்ன சாப்பிடுகிறாய் என்று
ரகசியமாய்க் கேட்டார்களாம்.

கண்ணோர எலும்பில் அளவுகோலை வைத்தேன்.
வலம் பதினேழு.
இடம் பதின்மூன்று.
நாலு மில்லிமீட்டர் பள்ளத்தை மேடாக்கும் வில்லை
என் கடையில் இல்லை.
திரும்ப அளந்தேன்,
முதலில் அளந்தது தப்பாய் இருக்கட்டும் என்று.

சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.

"கண்ணுக்குன்னுதான் போனேன்.
டாக்டர் நோராயினி ஸ்கேன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு
கதவைச் சாத்தி,
சட்டைப் பொத்தானக் கழட்டச் சொன்னாங்க.
எனக்குக் கோபம் வந்துருச்சு."
இடது மார்க்காம்பும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததாம்,
கண்ணைப் போலவே.
"வயசாவுதுன்னு விட்டுட்டேங்க."
வலியில்லை. கைக்கு அகப்படக் கட்டியில்லை.
நெஞ்சில் போட்ட தபால்
யாரும் பிரிக்காமலே கண்குழி வரைக்கும் போயிருக்கிறது.
அங்கேயும் நான்
உறையின் மடிப்பைத்தான் நீவிக்கொண்டிருந்தேன்.

மாத்திரையும் ஊசியுமாய் நாலு மாதம் கழிந்து வந்தாள்.
தலையில் நீலத் துணி.
வேலைக்குத் திரும்பப் போகிறாளாம்.
"ஒரு கண்ண அடைச்சுக் கொடுங்க,
எனக்கு ஒரு லோரி போதும்."
இடது வில்லையில் மங்கல் தாள் ஒட்டினேன்.
கைப்பையைத் திறந்தாள்.
வேண்டாமென்றேன்.
"அந்த மூணு தடவைக்கும் சேர்த்து எடுத்துக்குங்க.
சும்மா செஞ்சு குடுத்தா
நான் என்னன்னு கேக்கறது?"

இருபது வெள்ளி.
மீதியை எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்தே வாங்கிக்கொண்டாள்.

இப்போது யார் சட்டம் கோணினாலும்
முகத்தைத்தான் முதலில் அளக்கிறேன்.
நேற்று ஒரு பள்ளிக்கூடப் பையன்,
"மேல உக்காந்துட்டேன் அங்கிள்" என்றான்.
உண்மைதான், சட்டம் அப்பளமாய் நொறுங்கியிருந்தது.
இருந்தும் அளந்தேன்.
பதினாறு.
பதினாறு.