தள்ளிப்போடு

மூளையில் ரத்தம் கட்டி மூன்று வாரம்.
லவ்ரி இங்க்ஸ்டருக்குப் பெரிய சொற்கள் திரும்பிவிட்டன:
வலை, விஞ்சு, லெர்விக் துறைமுகம்,
கோட்டு, கம்பளி ஸ்வெட்டர், ரப்பர் பூட்ஸ்.
மனைவி பெயர் நான்காம் நாளே.

வராதவை பொடிசுகள்தாம்.
ஆன். ஆஃப். அப். இன்டு. அவுட் ஆஃப்.
மீன் சுரண்டும்போது தெறித்த செதில்கள்,
மண்டைக்குள் எங்கெங்கோ ஒட்டிக் கிடக்கின்றன.

அந்த வார்டில் உடுக்கப் பழக்குவது என் வேலை;
பொத்தான்களுக்குத்தான் எனக்குச் சம்பளம்.
விதி ஒன்றே ஒன்று:
சட்டைக்குள் முதலில் நுழைவது விளங்காத கை,
கடைசியில் வெளியேறுவதும் அது.
கையை ஒருவழியாகக் கற்றுக்கொண்டார்.
சொல்லைத்தான்…

யோசித்தால் அவர்மேல் பிழையில்லை.
பொத்தானை ஏன் மேல்நோக்கிச் செய்ய வேண்டும் இவர்கள்?
ஸ்வெட்டருக்குள் ஆளே போகிறான், குடிபோவதுபோல;
ஈரக் காற்சட்டையிலிருந்து வெளியே வருகிறான்,
வழக்கிலிருந்து வருவதுபோல.
அணிவதோடு 'அவுட்' சேர்ந்தால் தேய்ந்தே போகிறது துணி.
அவர் ஸ்வெட்டரின் முழங்கைகளைப் பார்த்தேன்.
உண்மைதான்.

வெள்ளி மாலை. சன்னலில் பக்கவாட்டு மழை.
ஸ்காலவே போகும் கடைசிப் பஸ் ஆறு ஐம்பதுக்கு.
ஐனா எழுந்து கோட்டை எடுத்தாள்.
குளிருமே என்று அவர் பதறுவது எனக்குப் புரிந்தது.
புட், என்றார்.
புட்…
கண் மூடி, உதடு கடித்து, செதிலைத் தேடி,
'புட் ஆஃப், ஐனா.
கோட்டை. புட் ஆஃப்.'

என் தாளில் இரண்டு கட்டங்கள்: சரி, தவறு.
ஆஃப் சேர்ந்தால் அது உடுத்துவதல்ல,
தள்ளிப்போடுவது:
பல் வைத்தியரை, கூரை ஒழுக்கை, கெட்ட செய்தியை.
தமிழிலும் பாருங்கள், சட்டை போடுகிற அதே 'போடு'தான்.
பேனாவைத் தவறுக்கு நேரே கொண்டுபோனேன்.

ஐனா ஒரு கை நுழைத்த கோட்டோடு நின்றாள்.
நாற்பத்தோரு வருடம், அவர் கடலுக்குக் கிளம்பும் விடியல்களில்
அவள் இதே சொல்லைச் சொன்னதுண்டாம்;
அவர் கேட்டதில்லையாம்.
அதெல்லாம் பிற்பாடு சொன்னது.
அப்போது சொன்னது
'சரி, லவ்ரி' மட்டும்.

நுழைத்த கையை உருவிக்கொண்டு உட்கார்ந்தாள்.
கோட்டு இருவர் முழங்கால் மேலும் கிடந்தது.
பஸ் வெளிச்சம் சன்னலைத் துடைத்துவிட்டுப் போயிற்று.

கட்டம் இன்னும் காலி.
திங்கட்கிழமை மேலதிகாரி கேட்பார்.