மூச்சை விடுங்கள்

எஸ்டர்சுண்டில் ஜனவரி.
காலை ஒன்பது மணிக்கும் விளக்குப் போட்டுத்தான்
வயிறுகளை அளக்கிறேன்.

நாடா சுற்றி அல்ல.
மல்லாக்கப் படுக்கவைத்து
முழங்காலை மடக்கச் சொல்லி
மேசையிலிருந்து தொப்புள் மேடு வரை
எவ்வளவு உயரம் என்று.
ஒரு சாண் வயிறு என்பதெல்லாம் பேச்சுக்கு.
என் ஏட்டில்
ஒரு சாணும் மூன்று விரலும்,
ஒரு சாணும் நாலு விரலும்.

எல்லோரும் எக்கிக்கொள்கிறார்கள்.
மரம் அறுப்பவர், வங்கிக்காரர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்,
ஐம்பதைத் தாண்டிய அத்தனை பேரும்
நான் என்னவோ பெண் பார்க்க வந்தவள்போல.
"மூச்சை விடுங்கள்" என்பேன்.
ஒளித்துவைத்தது மெல்ல மேலே வரும்.

நாளைக்கு ஆறு குளிகை, தேன் நிறம்.
பாதிப் பேருக்கு
பசுவின் கொழுப்பில் தானாகவே ஊறும் அந்த அமிலம்,
இங்கே சூரியகாந்தி எண்ணெயில் செய்தது.
பாதிப் பேருக்கு வெறும் ஆலிவ் எண்ணெய்.
யாருக்கு எது என்று
குடிப்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் எனக்கும் தெரியாது.
கொழுப்பைக் குறைக்கக் கொழுப்பா என்றால்
முள்ளை முள்ளால்தானே என்று சிரிக்கிறார் டாக்டர் லிண்ட்வால்,
தன் வயிற்றை வெள்ளைக் கோட்டுக்குள் பொத்தானிட்டபடி.

எஸ்கில் தன் பங்கை நாய்க்குப் போட்டுவிட்டார்.
ஆறாவது வாரம் பிடிபட்டார்:
குளிகைக் கணக்கு சரியாக இருந்தது,
வயிறு அப்படியே இருந்தது,
வாசலில் கட்டியிருந்த நாய் மட்டும்
புதுக் காலணிபோலப் பளபளத்தது.

பதினேழாம் எண், தோர்க்னி.
பனி வாரும் வண்டி ஓட்டுபவர்.
விடிகாலை மூன்று மணிக்கே சாலைக்குப் போய்
ஊர் எழும் நேரம் உறங்கப் போகிறவர்.
அவர் அப்பா ஐம்பத்து நாலில்
காரின் மேல் விழுந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது
அப்படியே சாய்ந்தார்.
தோர்க்னிக்கு மார்ச்சில் ஐம்பத்து நாலு.
இதைச் சொன்னபோது கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் அளவுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரா வாரம் இறங்கியது.
அரை விரல். பிறகு ஒரு விரல்.
இவருக்கு அமிலம்தான் என்று
மனசுக்குள் பந்தயம் கட்டினேன். கட்டக் கூடாது.

ஏப்ரலில் உறையைப் பிரித்தார்கள்.
அமிலம் குடித்தவர்களுக்குச் சராசரியாக
நகத்தின் அகலம் குறைந்திருந்தது.
டாக்டர் அதை மூன்று முறை கணக்குப் போட்டார்,
நகம் நகமாகவே இருந்தது.
பதினேழாம் எண்ணுக்கு: ஆலிவ்.

தொலைபேசியில் சொன்னேன்.
நெடுநேரம் வண்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது.
"காலைக் காப்பிக்கு இரண்டு இலவங்கப்பட்டை பன்.
அதை நிறுத்தினேன். வேறொன்றுமில்லை" என்றார்.
பிறகு,
"வாரத்துக்கு ஒருமுறை
என்னை யாரோ எழுதிவைக்கிறார்கள் அல்லவா,
அதற்காக."

ஏரியில் பனிக்கட்டி உடைகிற மே மாதம்,
ஆய்வு முடிந்து, ஏடு மூடி,
மேசைகூட வேறு துறைக்குப் போகக் காத்திருந்தது.
வெளிச்சம் கூசும் ஒரு மதியம் வந்து நின்றார்.
கையில் டப்பா இல்லை, சீட்டு இல்லை.
படுங்கள் என்றேன்.

அரை விரல் ஏறியிருந்தது.
பன்னா என்று கேட்கவில்லை.
எழுத ஏட்டில் கட்டம் இல்லாததால்
என் மின்சாரக் கட்டண ரசீதின் பின்புறம்
தேதி போட்டு எழுதிக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

போன பிறகுதான் நினைவுக்கு வந்தது,
இன்று நான் "மூச்சை விடுங்கள்" என்று
சொல்லவே இல்லை.
அந்த ரசீதுக்குக் கட்டணமும்
இன்னும் கட்டவில்லை.