களிம்புக் கறை

லியபாயாவில் அக்டோபர் பிறந்ததும்
சுவரோரத்து வெந்நீர்க் குழாய்கள் முனகத் தொடங்கும்.
அறை சூடாகும், காற்று காயும்,
மாதிஸின் முழங்கை மடிப்பு
முதலில் சிவக்கும், பிறகு வெடிக்கும்.

ஆறு வயது.
நகத்தை ஒட்ட நறுக்கி
பருத்திக் காலுறைகளைக் கையில் மாட்டிவிட்டாலும்
தூக்கத்திலேயே உருவிவிடுகிறான்.
இரவு இரண்டு மணிக்கு அந்தச் சத்தம்,
அட்டைப்பெட்டிக்குள் எலி பிறாண்டுவது போல.

"சொறியாதே" என்பேன்.
அந்தச் சொல்லுக்கே அரிப்பு உண்டு போலும்,
சொன்னதும் இன்னும் ஆழமாய்ச் சொறிவான்.
இப்போது சொல்வதில்லை.
குளிர்பெட்டியில் வைத்த களிம்பைத் தடவி
உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து
துறைமுகத்து அலைகளை எண்ணச் சொல்கிறேன்.
பெரும்பாலும் எண்பதுக்குள் உறங்கிவிடுவான்.
சில இரவுகளில் முந்நூறு.

பாலை நிறுத்து என்றாள் மாமியார்.
கறுப்பு ரொட்டியை நிறுத்து என்றான் மீன் கடைக்காரன்.
நான் நிறுத்தியது மருந்தை.
ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து
பட்டாணி அளவைப் பாதியாக்கி
பாதியைக் கடுகாக்கி
பிறகு அதுவும் இல்லை.

தாதி பைபா டியூபைத் தூக்கிப் பார்த்தாள்.
"மூன்று மாதமாய் நிறைந்தே இருக்கிறதே."
திட்டவில்லை.
என் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கி
"உன் இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு
இவ்வளவு" என்றாள்.
பிடித்த விரலை விடாமல் கேட்டாள்:
"சரி, இது எத்தனை வருஷம்?"

பதினொன்று.
முடிதிருத்தும் கடை. ஷாம்பு, சாயம், மறுபடி ஷாம்பு.
பிளந்த கட்டைவிரலைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டு
அடுத்த தலையைக் கழுவப் போனவள் நான்.
பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை என்று
எழுதித் தந்தாள்.
முதலாளி அம்மா சிரித்தாள். பரவாயில்லை.

இப்போது எங்கள் வீட்டில்
கதவுப் பிடிகள் வழுக்குகின்றன.
வெதுவெதுப்பான தொட்டியில் ஐந்து நிமிடம்,
ஒற்றித் துடைத்து, ஈரம் போவதற்குள் களிம்பு.
அவனுக்கு நான் பாடிக்கொண்டே.
எனக்கு நானே, முணுமுணுத்துக்கொண்டே.

ஆறிவிட்டதா என்றால், இல்லை.
பிப்ரவரியில் கழுத்துக்கு வந்தது.
வரும் என்று தெரிந்திருந்தது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

நூலகத்தில் அபராதம் இரண்டு யூரோ நாற்பது.
திருப்பிக் கொடுத்த படக்கதையில் தாளுக்குத் தாள்
எண்ணெய்ப் பெருவிரல்கள், ஒன்று சிறிது, ஒன்று பெரிது.
சில்லறையைத் தேடுகையில் மாதிஸ் காட்டுகிறான்:
அவன் விரல் பட்ட இடத்தில் தாள் கண்ணாடியாகி
மறுபக்கத்துக் கப்பல்
இந்தப் பக்கத்துக் காட்டுக்குள்
வந்துகொண்டிருக்கிறது.