ஒன்றரை அடி

தரையை ஒன்றரை அடி உயர்த்தினோம்.
கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.
அதனால் சவரிராஜ் இப்போது
குனிந்துதான் வீட்டுக்குள் வருகிறான்.
கும்பிட்டு வருவது போலிருக்கிறது என்றால்
முறைக்கிறான்.
மின்விசிறியைக் கழற்றியாயிற்று.
சுவரில் ஒரு சின்ன விசிறி
கழுத்தை ஆட்டி ஆட்டி
இல்லை இல்லை என்கிறது.

செம்பூரில் இடித்த மாடிகளின் உடைசல்,
மூட்டை ஐம்பது ரூபாய்.
யாருடைய குளியலறை ஓடோ,
நீலப் பூப்போட்டது,
என் அடுப்புக்குக் கீழே கிடக்கிறது.
சீட்டு எடுத்தது பதினெட்டாயிரம்.
மீதிக்குக் கம்மல்.

ஜூலை அமாவாசை.
பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு
நாலு புள்ளி எட்டு மீட்டர் என்று
போனில் வந்தது.
சீத்தா கேம்ப் சாக்கடைகள் எல்லாம்
ஓதம் ஏற ஏறப் பின்னோக்கி நடக்கும்.
அன்றும் நடந்து, என் படி வரை வந்து
நின்றது தண்ணீர்.
பத்து வருஷத்தில் முதல் தடவை
அரிசி டின்னைப் பரணில் ஏற்றவில்லை.
உட்கார்ந்து டீ குடித்தேன்.

பாதி டம்ளரில் கேட்டது
பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம்
மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம்.
என் வீட்டில் நுழையாத தண்ணீர்
வேறெங்கே போகும்?

சாயங்காலம் மைமூன்
ஈரப் பாயை என் படியில்தான் காயப்போட்டாள்.
"உங்க வீடு இப்ப நல்லா இருக்குக்கா" என்றாள்.
வைதிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை சந்தில் கூடினோம்.
இருபத்திரண்டு வீடு, வீட்டுக்கு எண்ணூறு.
ஒவ்வொருத்தராகத் தரையை உயர்த்தினால்
கடைசியாக உயர்த்துகிறவள் வீடுதான் குளம்
என்று நானே சொன்னேன்,
முதலில் உயர்த்தியவள்.
வார்டு ஆபீசில் மனு வாங்கிக்கொண்டார்கள்.
வெல்டர் இர்பான் அதற்குக் காத்திருக்கவில்லை.
லாரி டயரை அறுத்து
சாக்கடை வாயில் நாக்கு மாதிரித் தொங்கவிட்டான்:
கடல் தள்ளினால் மூடும்,
தெரு வடிந்தால் திறக்கும்.
ஓதமும் மழையும் ஒரே நேரத்தில் வந்தால்?
தலையைச் சொறிந்தான்.
எண்ணூறு தராத மூன்று வீட்டுக்கும்
அதே நாக்குதான் காவல்.
அதிலும் சண்டை நடந்தது.

அடுத்த அமாவாசைக்குப் பதினோரு நாள்.
தினமும் ஒரு வீடு
அதில் சிக்கும் பாலித்தீனை எடுக்க வேண்டும்;
இன்று எங்கள் முறை, சவரிராஜ் போயிருக்கிறான்.
மைமூனின் அரிசி டின்
இப்போதைக்கு என் வீட்டில்.
கேட்காமலே வந்து அளந்துகொண்டு போகிறாள்.
குள்ளம்தான் அவள்.
நிலையில் தலை இடிப்பதில்லை.