தொழில்: லேபரர்

ஹட்டனில், பார்மசிக்கு மேல்மாடி.
விசா அலுவல் பார்க்கும் ஃபர்ஹானா மிஸ்
கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.
பதினொரு வருசத்துக்குத் தோட்டம் கொடுத்தது
ஒரே சொல்:
லேபரர்.

"இத வச்சி கேட்க ஏலாது, யோகராசா.
ரோலர் நின்டா என்ன செய்வீங்க?"

சொன்னேன்.
பேரிங் சூடேறும் வாசனை,
தொடாமலே தெரியும் பெல்ட்டின் தளர்வு,
கொழும்பில் கிடைக்காத பின்னைப்
பழைய லொறி அச்சில் கடைந்தெடுத்த இரவு.
மிஸ் தட்டிக்கொண்டே இருந்தார்.
இரண்டு பக்கம்.
வாசித்தேன். யாரோ பெரிய ஆள்.

காசு பாதி இன்று, மீதி சம்பளத்தன்று.
பிறப்புப் பதிவில் யோகராஜ் என்றிருக்கிறதாம்,
அதற்குச் சத்தியக்கடதாசி தனி.

படியிறங்கையில் போன்.
ஃபெக்டரி.
"ரோலர் நின்னுருச்சி,
எங்க இருக்க?"